மண்புழு வரப்பேறிய கதை

அந்தக் காலத்தில் மண்ணுக்குள் வாழும் உயிர்களும் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். அப்போது ஆற்றோரப் பள்ளக்காட்டில் அங்காயி என்றொருத்தி சோளம் விதைத்திருந்தாள். அதற்கு முன் மூன்று ஆண்டுகளாக மழையே இல்லை. அந்தப் பஞ்சத்தில்தான் மூத்த மகளைப் பறிகொடுத்தாள். மிச்சமிருந்தது கைக்குழந்தை ஒன்றுதான்.

நான்காம் ஆண்டு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் உயரச் சோளத்தைச் சுற்றித் தண்ணீர் நிறைந்து, வடிகால் வழியே ஆற்றுக்கு ஓடியது. வீணாய்ப் போகும் தண்ணீரை அங்காயியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மண்வெட்டியை எடுத்து வடிகாலின் வாயை அடைத்து, களிமண்ணை மிதித்து மிதித்து இறுக்கினாள்.

மறுநாள் காலையில் ஒரு மண்புழு வரப்பேறி வந்தது.

“ஆத்தா, வடிகாலைத் திறந்துவிடு. உள்ளே மூச்சு முட்டுது.”

“தண்ணியக் கண்டு உனக்கென்ன பயம்?”

“எனக்கு மட்டுமா? மண்ணும் மூச்சுவிடணும், சோளத்து வேரும் மூச்சுவிடணும். நான் துளைச்சு வச்ச வழியெல்லாம் தண்ணி அடைச்சுக் கெடக்கு.”

“ஒரு வாய்த் தண்ணி கேட்டுக்கிட்டே செத்தா எம்மவ. வந்த தண்ணிய என் கையாலேயே வெளிய விடச் சொல்றியா? போயிரு.”

மூன்று நாள் வந்து கெஞ்சியது. அவள் அசைந்து கொடுக்கவில்லை. நான்காம் நாள் அது வரவில்லை.

அன்றைக்குச் சோளம் மஞ்சளாகத் துவண்டு நின்றது. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வேர் கறுத்து, கூழ்முட்டை நாற்றத்தோடு கையிலேயே வந்துவிட்டது. பதறிப்போய் அடைப்பை வெட்டி எறிந்தாள். தண்ணீர் வடிந்தது; பயிர் நிமிரவில்லை.

வரப்பெங்கும் மண்புழுக்கள் வெளுத்துக் கிடந்தன. இன்னும் நெளிந்துகொண்டிருந்த ஒன்றை உள்ளங்கையில் எடுத்தாள்.

“திறந்துட்டேன், பாரு. என்னைத் திட்டவாவது செய்.”

கொஞ்ச நேரத்தில் நெளிவதும் நின்றது.

வெயில் ஏறியதும், ஆழத்தில் கிடந்த உப்பு ஈரத்தோடு மேலே வந்து காடெங்கும் வெள்ளையாகப் பூத்தது. இருந்த விதையையெல்லாம் மறுபடி விதைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லை. தை பிறப்பதற்குள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அடுப்புக் கல்லைக்கூட எடுக்காமல் ஊரைவிட்டே போனாள்.

அன்று முதல்தான், வயலில் தண்ணீர் தேங்கினால் மண்புழுக்கள் வரப்பேறி வந்து கிடக்கின்றன. யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.