தேறாத புரோகிராம், ஓடுகிற ஆப்

“தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்த்தவன்…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். மீதி மாதேசனுக்கு மறந்துவிட்டது.

மொபைல் கடை வேலையை விட்டுவிட்டு இன்டர்வியூவுக்குப் படித்தவன் அவன். சோழிங்கநல்லூர் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே செய்து அனுப்பும்படி தேர்வு வைத்தது: மளிகை டெலிவரிக்கு வழி காட்டும் புரோகிராம். கண் எரிய எழுதி அனுப்பினான். இன்டர்வியூவுக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கம்பெனி ஆப்பைத் திறந்து, இல்லாத பின்கோடு ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது வயிறும் எரிந்தது.

மேனேஜர் ரகோத்தமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நீ எழுதினது குப்பை தம்பி. எங்க தரத்துக்கு ஆகாது.”

“சரிங்க சார். உங்க ஆப்புல இல்லாத பின்கோடு ஒண்ணு போடுங்களேன்.”

அவர் சலிப்போடு வெறும் பூஜ்யங்களாகத் தட்டினார். திரையில் வந்தது: ‘இப்படி ஓர் ஊர் இல்லை. எழுதியவன் தருமபுரி மாதேசன்.’

அவன் தேர்வுக்கு எழுதி அனுப்பியதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

“குப்பையை வச்சுத்தான் ஊரெல்லாம் அரிசி பருப்பு அனுப்புறீங்களா சார்? எனக்கு முன்னாடி வந்தவங்க குப்பையெல்லாம் எங்கெங்க ஓடுது?”

ரகோத்தமனின் குரல் இறங்கியது. “திங்கட்கிழமையே சேர்ந்துடுப்பா. வெளியில மட்டும் சொல்லாதே.”

மாதேசன் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வெளியே தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னான்.