சிவப்புத் துணி கட்டிய கிடாய்

சாத்தையா இன்று தன் கிடையில் ஆடுகளோடு நலமாக இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்பவர் பதறாமல் யோசித்தால்தான் இந்தப் புதிர் அவிழும்.

ஒரு நண்பகலில் கண்மாய்க்குத் தண்ணீர் காட்ட வந்த இரண்டு மந்தைகள் கலந்துவிட்டன. ஒன்று சாத்தையாவுடையது. மற்றது வியாபாரி துரைச்சாமி அண்மையில் வாங்கி, ஆள் வைத்து மேய்த்துவந்தது. பிரித்து ஓட்டிய பின்னும் துரைச்சாமியின் கிடாய் ஒன்று சாத்தையாவோடு வந்துவிட்டது. அப்பகுதிக் கிடைக்காரர்களிடம் இதற்கென ஒரு வழக்கம் உண்டு. வழிதவறிய ஆட்டின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, கண்மாய்க்கரை டீக்கடையில் தகவல் சொல்லிவைப்பார்கள். உடையவர் வந்து, ஆட்டின் காதில் வெட்டிய அடையாளமான காதுக்குறியைச் சொன்னால் பிடித்துக் கொடுப்பார்கள். சாத்தையாவும் அப்படியே செய்தான்.

துரைச்சாமிக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆட்டைக் கேட்டு வந்தவரிடம் சாத்தையா காதுக்குறியைக் கேட்டான். விலைக்கு வாங்கியவர் காதையா பார்த்திருப்பார்? அவர் விழித்தார், இவன் கொடுக்கவில்லை. தழை அறுக்கும் தொரட்டிக்கோல் அப்போது அவன் கையில் இருந்தது. கோலின் நுனியிலிருந்த அரிவாளைக் கண்டு மிரண்ட துரைச்சாமி, நேரே காவல் நிலையம் போனார். ஆயுதம் காட்டி ஆட்டைப் பறித்தான் என்று வழிப்பறி வழக்குப் பதிவாகி, சாத்தையா சிறைக்குப் போனான்.

அவன் மனைவி பூமயில் நீதிமன்ற வாசலில் வந்து நின்றாள். திருட்டு எது, வழிப்பறி எது என்று அவளுக்குத் தெரியாது. பல ஆண்டு உள்ளே இருக்கவேண்டி வரும் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

முதலில் பார்த்த வக்கீல், ஆடு உங்கள் மந்தைக்கே வரவில்லை என்று ஒரே பிடியாக நிற்கச் சொன்னார். இரண்டாமவர், திருட்டை மட்டும் ஒப்புக்கொண்டால் வழிப்பறியை நீக்கப் பேசிப் பார்க்கலாம், சீக்கிரம் வீடு திரும்பலாம் என்றார். அந்தச் சொல்லில் அவள் மனம் தடுமாறியது உண்மை.

மூன்றாமவர், இலவச சட்ட உதவி மையத்தின் வக்கீல் ஜெபராணி. அவர் எந்த வாக்கும் தரவில்லை. முதல் தகவல் அறிக்கையை வாய்விட்டுப் படித்து, வரிக்கு வரி பொருள் சொன்னார். பிறகு, சாத்தையா கோலை ஓங்கினானா என்று கேட்டார்.

"அந்தாளா? வீட்டுல கோழிய விரட்டவே என்னையத்தாம்மா கூப்பிடுவாரு" என்றாள் பூமயில்.

ஜெபராணி சிரித்துவிட்டார். கணவன் கைதான பிறகு பூமயிலும் அப்போதுதான் சிரித்தாள்.

"கிடாய் உங்க மந்தையில இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். ஆடு இருந்ததை ஒத்துக்குவோம். குத்தத்தை ஒத்துக்க மாட்டோம்."

பூமயில் குழம்பினாள். பிறர் ஆடு தன்னிடம் இருந்தது என்று சொன்னவனை, திருடன் அல்ல என்று எந்த நீதிபதி நம்புவார்?

கேட்பவர்களே, ஒருவர் அனைத்தையும் மறுக்கச் சொன்னார். ஒருவர் சிறிய குற்றத்தை ஏற்கச் சொன்னார். ஒருவர் நடந்ததை ஏற்றுக் குற்றத்தை மறுக்கச் சொன்னார். இம்மூவரில் யார் காட்டிய வழி சரி? ஏன்?

விடை: ஜெபராணி காட்டிய வழியே சரி. பிறர் பொருள் கையில் இருப்பது மட்டும் திருட்டாகாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும். அபகரிக்க நினைப்பவன் துணி கட்டி அடையாளம் காட்டமாட்டான், கடையில் தகவலும் சொல்லமாட்டான். திருட்டோடு மிரட்டல் சேர்ந்தால்தான் வழிப்பறி. திருட்டே இல்லாத இடத்தில் வழிப்பறி ஏது? முதலாமவர் பேச்சைக் கேட்டிருந்தால், காப்பாற்ற வந்த டீக்கடைக்காரரின் சாட்சியமே சாத்தையாவைப் பொய்யனாக்கியிருக்கும். இரண்டாமவர் பேச்சைக் கேட்டிருந்தால், குற்றமற்றவன் தன் வாயாலேயே திருடனாகியிருப்பான். ஆகவே, வழக்கில் சிக்கியவர்களே, விடுதலையை விலைபேசுபவரைத் தேடாதீர்கள். உங்கள்மேல் எழுதப்பட்டிருப்பது என்னவென்று உங்களுக்கு விளங்கச் சொல்பவரைத் தேடுங்கள். நீதிமன்றத்தில் டீக்கடைக்காரர் உண்மையைச் சொன்னார். கோல் ஓங்கப்படவில்லை என்று துரைச்சாமியும் ஒப்புக்கொண்டார். விடுதலையாகி வந்தவனுக்குச் சோறு போட்டபடியே பூமயில் கேட்டாள்: "அவருக்குக் குறி தெரியலைன்னா, நீங்க அவரு மந்தைய மேய்க்கிறவனக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?" சாத்தையா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.