நாலிலேயே நின்ற முள்

பாலைக் கெடாமல் காப்பது குளிர்சாதனப் பெட்டி என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். பெரும் பிழை. அந்தக் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் பாலைக் காத்தது பதிவேடு. மூன்று ஆண்டுகளாக அதில் தினமும் நாலு டிகிரி.

அப்படியும், தர ஆய்வாளர் வந்த அன்று பன்னிரண்டு பால் மாதிரிகள் திரிந்திருந்தன. இயக்குநர் குணசீலன் உடனே உதவியாளர் செங்கமலத்தைக் கைகாட்டினார்.

"இவ வெளியில வெச்சு மறந்திருப்பா மேடம். பெட்டிக்குள்ள வெப்பமானியைப் பாருங்க, நாலு!" பிறகு அவளிடம் திரும்பினார். "பெட்டி மேல தப்புன்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

"அதெல்லாம் எனக்கெங்க ஐயா தெரியும்? டீயைக் குடிங்க, ஆறிடும்."

"ஆவி பறக்குது, கண்ணு தெரியலையா?"

"அப்படிங்களா?"

செங்கமலம் பெட்டியிலிருந்த வெப்பமானியை எடுத்து வந்து அவருடைய டம்ளருக்குள் விட்டாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். முள் நாலைவிட்டு அசையவில்லை.

"டீ ஜில்லுனு இருக்குதுங்க ஐயா. பதிவேட்டுல ஏத்திரட்டுங்களா?"

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

மறுநாள் காலை செங்கமலம் பெட்டிக்குள் புது வெப்பமானி வைத்தாள். பதிவேட்டில் பதினாறு என்று எழுதிக் கையெழுத்திட்டவர் இயக்குநர்.