நாரை கேட்காமல் போன பாதி

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த நாளில், செங்கால் நாரைக்கு இருந்த குரல் வேறு எதற்கும் இருந்ததில்லை. இன்றைக்கு அதை ஏரிக்கரையில் பார்க்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். குயிலுக்குப் பாடத்தான் தெரியும். நாரைக்குச் சேதி சொல்லத் தெரியும். பனிக்குப் பயந்து தெற்கே பறந்து வந்து நம் ஏரிகளில் தங்கும், வெயில் ஏறியதும் வடக்கே திரும்பும். போன ஊர்ச் சேதியை வந்த ஊரில் சொல்லும். அது வாயைத் திறந்தால் களத்தில் வேலை நின்றுவிடும்.

வடக்கே, கடலும் மலையும் தாண்டி, ஒரு பள்ளத்தாக்கில் அதன் கூடு இருந்தது. அங்கே ஓடுகிற ஆற்றின் பெயர் நம் வாயில் நுழையாது. அர்த்தம் பார்த்தால் வெள்ளாறு என்று வரும். அந்த ஆற்றங்கரைக்கு முன்னொரு காலம் பன்னிரண்டு கிறிஸ்தவத் துறவிகள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கோடரி, எல்லாருக்குமாக ஒரு செபப் புத்தகம், ஒரு கைமணி. வேறொன்றும் அவர்களிடம் இல்லை. காட்டை வெட்டினார்கள், சதுப்பில் கால்வாய் எடுத்தார்கள், தானியம் விதைத்தார்கள். அவர்கள் செத்த பிறகு வந்தவர்கள் கல்லால் கோயில் எழுப்பினார்கள், ஆற்றில் ஒரு மாவு ஆலை வைத்தார்கள். மணிக்கூண்டு மட்டும் கட்டி முடிய நாற்பது வருஷம் ஆயிற்று. அதன் உச்சிக்கு எண்பத்தாறு படி. சதுப்பில் ஒரு மூலை என்ன செய்தும் வடியவில்லை, அதில் தவளை ஏராளம். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாரை மணிக்கூண்டின் கூரையில் கூடு கட்டியது.

நான் சொல்லப்போகிற காரியம் நடந்தபோது அந்தத் துறவிகளின் மடத்துக்குத் தலைவர் ஒதிலோ சாமி. எழுபது வயது. நல்ல மனிதர், காதுதான் மந்தம். மடத்தில் பேச்சே குறைவு என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஒன்றைத் தவிர. செய்த பாவத்தைச் சாமியிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள் அல்லவா, பாவசங்கீர்த்தனம், அங்கேதான் சிக்கல். அப்படிக் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே விடக் கூடாது. ஒதிலோ சாமிக்கோ கத்திச் சொன்னால்தான் கேட்கும். கோயிலுக்குள் ஒரு துறவிச் சகோதரர், "பாலாடைக்கட்டியைத் திருடித் தின்னுட்டேன் சாமி" என்று கத்த, சமையல்கட்டிலிருந்து ஒருவர், "நீதானா அது?" என்று எட்டிப் பார்த்தார்.

அதனால் பாவசங்கீர்த்தனத்தை மணிக்கூண்டின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மடத்தில் பாவம் செய்தவன் எண்பத்தாறு படி ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் பாதிப் பாவம் தீர்ந்துவிடும் என்று சகோதரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். மேலே எவ்வளவு கத்தினாலும் கீழே கேட்காது. கூரையில் இருந்த நாரைக்கு மட்டும் கேட்கும்.

ஒதிலோ சாமி அதை மறக்கவில்லை. முதல் நாளே அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "இங்கே காதில் விழுவது இங்கேயே இருக்க வேண்டும். உன்னால் முடியுமா? முடியாது என்றால் இப்போதே சொல். கூட்டை ஆலைக் கூரைக்கு மாற்றித் தருகிறேன்."

"முடியும் சாமி. வாக்குத் தர்றேன்" என்றது நாரை.

ஏழு வருஷம் அந்த வாக்கைக் காப்பாற்றியது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். உலகத்துச் சேதியையெல்லாம் ஊரில் கொட்டிய அந்த அலகிலிருந்து, மணிக்கூண்டில் கேட்ட ஒரு சொல்கூட வெளியே போகவில்லை.

ஆற்றங்கரை ஆலையில் ரிக்லிண்டா என்று ஒருத்தி இருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன் இரண்டு பிரபுக்களுக்குள் சண்டை வந்து, கூலிப்படை ஒன்று அந்த வழியாகப் போனது. போகிற போக்கில் ஆலைக்குத் தீ வைத்தார்கள். அங்கே மாவு அரைத்துவந்த அவள் புருஷன் பெர்த்தோ உள்ளேயே செத்துப்போனான். அவள் அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் படையில் தீ வைத்தவன் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, மடத்தில் புதிதாகச் சேர்ந்த குந்திராம் என்ற சகோதரருக்குத் தச்சு வேலை தெரியும் என்று ஆலையைத் திரும்பக் கட்ட அனுப்பினார்கள். கட்டி முடித்து, அவரே அங்கே மாவும் அரைத்தார். தினமும் மத்தியானம் ரிக்லிண்டா அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள். அவர் தலையை நிமிர்த்தாமல் குடிப்பார்.

ஆலைக்குளத்தில் தவளை பிடிக்க வரும் நாரையிடம் அவள் ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"ஊர் உலகமெல்லாம் பறக்கிற. என் புருஷனைக் கொன்னவனைப் பத்தி எங்கயாவது யாராவது பேசக் கேட்டியா?"

"இல்லம்மா."

"அவரு எப்படிச் செத்தாருன்னாவது தெரிஞ்சா போதும். அது தெரியாமத்தான் எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

நாரைக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கும். அந்த வலிதான் பின்னால் வினையாயிற்று.

அந்த வருஷம், ஏசு சிலுவையில் உயிர்விட்ட பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் காலையில் குந்திராம் எண்பத்தாறு படி ஏறினார். மேலே வந்து முழங்காலிட்டார். பிறகு ஒதிலோ சாமியின் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினார். இப்படிப்பட்டதைக் கத்திச் சொல்வது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

"அந்தக் கூலிப்படையில நானும் இருந்தேன் சாமி! ஆலைக்குத் தீ வச்சது நான்தான்! பெர்த்தோ என் கையாலதான் செத்தாரு! பதினோரு வருஷமா யார்கிட்டயும் சொல்லல சாமி!"

கூட்டில் இருந்த நாரைக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. கண் முன்னால் ரிக்லிண்டாவின் முகம் வந்தது. கொன்றவனுக்கே அவள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அடுத்த சொல்லுக்கு அது காத்திருக்கவில்லை. இறக்கையை விரித்து நேரே ஆலையைப் பார்த்துப் பறந்துவிட்டது.

காத்திருந்தால், ஒதிலோ சாமி அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டிருக்கும். "மகனே, இதை என்னிடம் சொன்னது போதாது. அவளிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நாளை பெரிய வெள்ளிக்கும் மடத்து வாசல் திறக்காது. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போ."

"போறேன் சாமி. அவங்க என்ன செஞ்சாலும் சரி, போறேன்" என்று குந்திராம் கத்திச் சொன்னதையும் கேட்டிருக்கும். கேட்க நாரை அங்கே இல்லை.

நாரை ரிக்லிண்டாவிடம் சொன்னது ஊருக்குள் பரவி, வெள்ளிக்கிழமை காலையில் ஊரே அரிவாளும் தடியுமாக மடத்து வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் ரிக்லிண்டா. அழுகிற சத்தமில்லை, முகம் வெளிறிக் கிடந்தது. நாரை மதில்மேல் இறங்கி நின்றது. நல்லதுதான் செய்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் கைகளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஒதிலோ சாமியே வந்து கதவைத் திறந்தார். ரிக்லிண்டா அவர் காதருகே போனாள்.

"சாமி, என் புருஷனைக் கொன்னது குந்திராம்தானா? ஆமான்னு சொல்லுங்க, இல்ல இல்லைன்னு சொல்லுங்க."

அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வாய் திறக்கவில்லை.

அப்போது கோயிலுக்குள்ளிருந்து குந்திராமே வெளியே வந்தார். வந்து அவள் முன்னால் மண்டியிட்டார்.

"நான்தாம்மா. நாளைக்குக் காலையில கதவு திறந்ததும் நானே வந்து உங்ககிட்ட சொல்றதா சாமிகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

கூட்டத்தில் நின்ற கொல்லன் சிரித்தான். "மாட்டிக்கிட்டதும் வாக்கு வருது பாரு!"

குந்திராம் தலைவரைப் பார்த்தார். "சாமி, நீங்க சொல்லுங்க. மேல நடந்ததைச் சொல்ல நானே உங்களுக்கு உத்தரவு தர்றேன்."

ஒதிலோ சாமி அவர் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொண்டார். மறுத்துத் தலையை அசைத்தார். "இன்றைக்கு உன்னைக் காப்பாற்ற இந்த வாயைத் திறந்தால், நாளைக்கு இன்னொருவனைக் கொல்லத் திறக்கச் சொல்வார்கள். என்னால் முடியாது மகனே" என்றார்.

ரிக்லிண்டா மதிலைப் பார்த்துத் திரும்பினாள்.

"நீ மேலதான இருந்த. இவன் அப்படி வாக்குக் கொடுத்தானா? உன் காதால கேட்டியா?"

ஊர் முழுவதும் நாரையைப் பார்த்தது. கேட்டேன் என்றால் அது பொய். கேட்கவில்லை என்றால், குந்திராம் வாக்கே கொடுக்கவில்லை என்று ஊர் எடுத்துக்கொள்ளும். 'நான் முழுசாகக் கேட்காமல் பறந்து வந்துவிட்டேன்' என்பதுதான் உண்மை. அதைச் சொல்லத்தான் நாரை அலகைத் திறந்தது. குரல் வரவில்லை. கழுத்தை நீட்டியது, தலையை முதுகுவரை சாய்த்தது, மூச்சை இழுத்தது. கொடுத்த வாக்கை மீறிய தொண்டையில் இன்னொரு சொல் ஊறவில்லை. மேல் அலகும் கீழ் அலகும் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். டகடகடகவென்று அந்தச் சத்தம் மட்டும் மதிலில் எழுந்தது.

"நாரையே வாயடைச்சுப் போச்சு, இன்னும் என்ன பேச்சு?" என்று கொல்லன் தடியை ஓங்கினான்.

"இருங்க" என்றாள் ரிக்லிண்டா. குந்திராமின் முன்னால் குனிந்தாள். "அவரு கடைசியா ஏதாவது சொன்னாரா?"

குந்திராம் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "சத்தம் கேட்டு உள்ள ஓடினேன். உத்தரம் அவர் மேல விழுந்துடுச்சு. என்னால தூக்க முடியல. 'தம்பி, என்னை விடு, பின்னால கழுதை கட்டியிருக்கு, அதை அவுத்து விடு'ன்னாரு. அவுத்து விட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள கூரை இறங்கிடுச்சு."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கழுதை ஆலை எரிந்த அன்றைக்குச் சாயங்காலம் தானாகவே தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றது. கழுத்துக் கயிறு அறுபடவில்லை, கருகவில்லை, யாரோ அவிழ்த்து விட்டிருந்தார்கள். அது யார் கை என்று பதினோரு வருஷமாக அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கையை ஊன்றி எழுந்தாள். தடி ஓங்கியவனைப் பார்த்து, "கீழ போடு" என்றாள். பிறகு குந்திராமிடம் சொன்னாள்.

"நீ இதை நாளைக்கு என் வாசல்ல வந்து சொல்லியிருந்தா, உன்னை மன்னிச்சிருப்பேனோ என்னமோ. ஆனா நீ வந்திருப்பியா மாட்டியான்னே எனக்கு இனிமே தெரியப்போறதில்ல. சாகுறவரைக்கும் தெரியப்போறதில்ல. உன்னைக் கொல்லவும் எனக்கு மனசு வரல, உன் கையால அரைச்ச மாவைத் தின்னவும் முடியாது. இந்த ஊரை விட்டுப் போயிடு."

குந்திராம் தலைவரின் கையை முத்தமிட்டுவிட்டு, வெறுங்கையோடு ஆற்றுப் பாதையில் நடந்தார். வழி விட்டவர்கள் யாரும் அவரைத் தொடவில்லை. நாரை கூட்டுக்குப் பறந்து, அங்கிருந்து அவரைக் கூப்பிடப் பார்த்தது. நில்லுங்கள், தப்பு என்னுடையது என்று கத்தப் பார்த்தது. அலகுதான் அடித்துக்கொண்டது. அவர் வளைவில் மறையும்வரை அது நிறுத்தவில்லை.

பெரிய வியாழன் சாயங்காலம் மணிகள் ஓய்ந்துவிட்டால், ஏசு உயிர்த்தெழுந்த உயிர்ப்புப் பெருவிழாவரை துக்கத்துக்காக அவற்றைத் தொடக் கூடாது. அந்த மடத்தில் அந்நாட்களில் ஒரு சகோதரர் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டுத்தான் செபத்துக்கு அழைப்பார். அன்றைக்கு யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒதிலோ சாமி முற்றத்தில் தனியாக நின்றார். மேலிருந்து வந்த டகடக ஒலி அவர் காதில் விழுந்தது. கத்தாமலே அவருக்குக் கேட்ட ஒலி பல வருஷத்தில் அது ஒன்றுதான். அண்ணாந்து பார்த்தார். நாரை தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது.

அதைத் திட்ட அவரால் முடியும். என்ன சொல்லித் திட்டுவது? நீ பாதியைத்தான் கேட்டாய் என்றால் மீதிப் பாதியைச் சொன்னதாகிவிடும். "கூடு உன்னுடையதுதான். இரு" என்று மட்டும் சொன்னார். பிறகு தச்சுப் பட்டறைக்குப் போய், இரண்டு மரக்கட்டைகளை எடுத்து, நாரையின் அலகைப் போலவே ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்தார். அந்தச் சத்தத்துக்குச் சகோதரர்கள் எழுந்து கோயிலுக்கு வந்தார்கள்.

ரிக்லிண்டா இருந்தவரை, ஒவ்வொரு வருஷமும் அந்தச் சனிக்கிழமை காலையில் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். யாரும் வந்ததில்லை.

மடம் இப்போது இல்லை. சண்டையில் பாதியும் மழையில் பாதியும் போய், மணிக்கூண்டு மட்டும் நிற்கிறது, மேலே ஒரு கூடும். நாரைக் குஞ்சுகளுக்குக் கொஞ்சம் குரல் உண்டு. இறக்கை முளைத்து, பெரியவர்கள் பேசுவது புரிகிற வயது வந்ததும் அதுவும் அடங்கிவிடும். பனிக்காலத்தில் நம் ஏரிக்கு வந்தாலும் அவை ஒரு சேதியும் சொல்வதில்லை, தலையை முதுகில் சாய்த்து அலகைத் தட்டுவதோடு சரி. நம் ஊர் மாதா கோயில்களிலும் பெரிய வெள்ளியன்று மணி அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுகிறார்கள். குந்திராம் ஆற்று வளைவில் மறைந்தாரே, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்துதான் இப்படி.