சிங்க வளையம் போட்ட கதவு

மருதவன நாட்டை மழவராயர் ஆண்டபோது அரண்மனையில் தாண்டவன் என்று ஒருவன் இருந்தான். குலப்பெருமை கிடையாது. கவிபாடத் தெரியாது. சமையற்கட்டுக்குத் தண்ணீர் சுமக்க வந்தவன். அங்கே வெந்நீர்ப் பானையும் பச்சைத்தண்ணீர்ப் பானையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். வாரத்துக்கு ஒருவர் கையைச் சுட்டுக்கொள்வார். தலைமைச் சமையற்காரர் சுட்டுக்கொண்டவரைத் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். தாண்டவன் வெந்நீர்ப் பானையின் கழுத்தில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிவைத்தான். கயிற்றைக் கண்டதும் கை தானே விலகிக்கொண்டது. இப்படி ஒவ்வொரு தொல்லையாகத் தீர்த்துத் தீர்த்தே பத்து வருஷத்தில் அரசவையின் கடைசி வரிசைக்கு வந்துவிட்டான்.

முதல் வரிசையில் இருந்தவர் தலைமைச் சிற்பி ஆதிகேசவனார். தாம் கட்டியதை ஜனங்கள் தொட்டுப் புழங்குவார்கள் என்ற நினைப்பே அவருக்கு அவமானம். "அடுத்த முறை கயிற்றில் பூ வைத்துக் கட்டு" என்று தாண்டவனைக் கேலி செய்வார். முன்வரிசை முழுவதும் சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாதவர்கள்தான் அதிகம் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் ஆதிகேசவனார் முறையீட்டு மண்டபம் ஒன்று கட்டினார். குறையுள்ளவர்களும் அவசரச் செய்தி கொண்டு வருபவர்களும் அதற்குள் போய்த்தான் சொல்ல வேண்டும். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் கதவு. அதில் இரண்டு சிங்க முகம். சிங்கத்தின் வாயில் பித்தளை வளையம். பார்த்தவன் கை வளையத்தைப் பிடித்து இழுக்கத்தான் போகும். ஆனால் கதவோ உள்பக்கம் தள்ளினால்தான் திறக்கும். காவலன் நின்றால் அழகு கெடுமென்று அவனையும் தெருமுனைக்கு அனுப்பிவிட்டார். அரசரும் அவையோரும் அரண்மனை வழியாகவே மண்டபத்துக்குள் வந்து போனதால், அந்தக் கதவின் லட்சணம் அவர்களுக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் நெட்டேரியின் கரை விரிசல் விட்டது. மதகுக்காரன் காய்ச்சலில் கிடந்தான். அவன் மனைவி செவந்தி ஓடிவந்தாள். அரைநாள் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். தெருமுனைக் காவலன் வேடிக்கை பார்த்தான். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போனாள். அன்று மாலையே கரை உடைந்து நாற்பது வேலி நெல் தண்ணீரில் போயிற்று.

சேதி சொல்லத் தவறிய மதகுக் குடும்பத்தை ஊரைவிட்டு ஓட்டுவது அந்நாட்டுச் சட்டம். செவந்தியை அவையில் நிறுத்தினார்கள்.

"வந்தேன் சாமி. கதவு திறக்கல" என்றாள் அவள்.

ஆதிகேசவனார் உதட்டைப் பிதுக்கினார். "கதவு பூட்டியிருக்கவில்லை, மன்னா. குழந்தைகூடத் திறக்கும். இது மூளைக் கோளாறு. என் கதவில் கோளாறு இல்லை."

தாண்டவன் அன்று காலையில்தான் அந்தக் கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஆறு மாதத்தில் எத்தனை கைகள் இழுத்தனவோ, வளையம் தங்கமாக மின்னியது. தள்ள வேண்டிய பலகையில் தூசி படிந்திருந்தது. அவன் எழுந்தான்.

"சிற்பியார் சொல்வது சரி. கதவு திறக்கத் தெரியாதவளைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் தண்டிப்பவர்கள் ஒருமுறை திறந்து காட்டிவிட்டால் ஊர் வாயை மூடும். சிற்பியார் மட்டும் யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாது. அன்று இவளுக்கும் யாரும் சொல்லவில்லை."

"குழந்தைக்குத் தெரிந்ததை நான் ஏன் சொல்கிறேன்?" என்று சிரித்தார் ஆதிகேசவனார்.

அவை முழுவதும் தெருவுக்கு வந்தது. படைத்தலைவர் முதலில் போனார். பெண்பிள்ளைக்குப் பலம் போதாது என்பது அவர் முடிவு. வளையத்தைப் பிடித்து, காலை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். கதவு அசையவில்லை. மந்திரி, மழையில் மரம் ஊறிவிட்டது என்று விளக்கம் சொல்லிக்கொண்டே இழுத்தார். அவைப்புலவர் எங்கோ ரகசியத் தாழ் இருப்பதாகச் சொல்லிச் சிங்கத்தின் மூக்கைத் திருகினார். ஜனங்கள் கூடிவிட்டார்கள். சிற்பியாரின் சிரிப்பு மெல்ல வற்றியது.

"விலகுங்கள்" என்றார் மழவராயர். பிறந்ததிலிருந்து தமக்குத் தாமே ஒரு கதவைத் திறந்தறியாதவர். இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்தார். இழுத்தார். மறுபடி இழுத்தார். கிரீடம் சரிந்ததுதான் மிச்சம்.

"ஏன் திறக்கவில்லை?"

"தள்ள வேண்டும், மன்னா" என்றார் சிற்பியார்.

"இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவள் அரைநாள் காத்து நின்றாள்" என்றான் தாண்டவன்.

அரசர் முகம் கறுத்தது. "அப்படியானால் நானும் மூளை இல்லாதவனா?"

தாண்டவன் ஓரடி முன்னே வந்தான்.

"இல்லை, மன்னா. இழு என்று கதவு சொன்னது. நீங்கள் நம்பினீர்கள். இவளும் நம்பினாள். பொய் சொன்னது கதவு."

"கதவைத் தண்டிக்கச் சொல்கிறாயா?"

"கதவு பாவம். அதற்குச் சொந்தமாகப் பேச வராது. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் இதோ, உங்கள் பக்கத்தில் நிற்கிறார்."

மழவராயர் ஒரு கணம் முறைத்தார். பிறகு சரிந்த கிரீடத்தோடே வயிறு குலுங்கச் சிரித்தார். செவந்தியின் குடும்பத்துக்கு மதகு காக்கும் உரிமை நிலைத்தது. வெள்ளத்தில் போன நெல்லுக்கு ஈடாக நெட்டேரி ஊராருக்கு அரண்மனைக் களஞ்சியம் திறந்தது. நாட்டில் ஜனங்கள் புழங்கும் எதைக் கட்டினாலும் முதலில் தாண்டவன் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவன் செய்த முதல் வேலை, வளையங்களைக் கழற்றிவிட்டு உள்ளங்கை வைக்கும் இடத்தில் தட்டையான பித்தளைத் தகடு அடிக்கச் சொன்னது. கன்னான் அதற்கு எட்டு நாள் கேட்டான்.

அந்த எட்டு நாளும் ஆதிகேசவனார் பட்டுத் தலைப்பாகையோடு வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் "தள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்பது அரச தண்டனை. சொன்னார். அவர் வாயிலிருந்து ஜனங்களுக்குப் பயன்படும் வார்த்தை ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.