எறும்புகள் ஏன் தலையை முட்டிக்கொள்கின்றன

அந்தக் காலத்தில் எறும்புகளுக்குப் பேச்சு இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, காது புளிக்கும் அளவுக்கு.

புற்றில் முட்டைகளைக் காத்தவள் செங்காலி. அங்கே வேலைக்கென்று ஆளைப் பெயர் சொல்லி நியமிக்கும் வழக்கம் இல்லை. அந்தப் பக்கம் போகிறவள் காதில் வேலையைப் போட்டால் போதும். செய்துவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடுவாள். மழைக்காலம் நெருங்கியதும், போகிறவளிடமெல்லாம் செங்காலி சொன்னாள்: "தண்ணீர் உள்ளே வந்தால் முட்டைகளை மேல் அறைக்குத் தூக்கு. முட்டைகள் போன பிறகுதான் தானியம்."

அவள் தோழி கூர்மூக்கிக்கு இது பொறுக்கவில்லை.

"ஏண்டி, நீ முடிப்பதற்குள் எனக்குக் கால் மரத்துப்போகிறது. தண்ணீர் உள்ளே வராமல் வேறெங்கே வரும்? தூக்கினால் மேலேதானே? அதையெல்லாம் வெட்டு."

"முட்டை என்றாவது சொல்ல வேண்டாமா?"

"முட்டையறை வாசலில் நின்றுகொண்டு வேறு எதைச் சொல்வாயாம்? 'வந்தால் தூக்கு.' முடிந்தது!"

புற்றே கைதட்டியது. என்ன அழகு, என்ன சுருக்கம்! கணினிக்குக் கட்டளை எழுதுகிறவர்களும், பெயர்கூட வைக்காமல் எழுதும் குட்டிக் கட்டளைகளை இன்னும் எவ்வளவு சுருக்கலாம் என்றுதான் இன்றும் அடித்துக்கொள்கிறார்களாம். அடித்துக்கொள்ளட்டும். செங்காலிக்கும் வாய் வலித்தது. அன்று முழுக்க அந்த இரண்டே சொல்லைச் சொன்னாள்.

அன்றைக்கே மழை. முன்பு முழுசாகக் கேட்டவர்கள் கூட்டத்தில் கலந்துபோயிருந்தார்கள்; அன்று அவள் சொன்னது அத்தனையும் தானியக் கிடங்குக்குப் போகிறவர்களிடம். தூக்கு என்றால் அவர்களுக்குத் தானியம்தான். விழுந்தடித்துத் தூக்கினார்கள். செங்காலி ஒருத்தி எத்தனை முட்டையைத்தான் சுமப்பாள்? தண்ணீர் முட்டைகளை அடித்துக்கொண்டு போய், அவளையே மேலே தள்ளிவிட்டது.

"ஒரு மணிகூட நனையலைக்கா!" என்று பூரிப்போடு ஓடி வந்தாள் ஒருத்தி.

"முட்டை?"

"முட்டைன்னு நீங்க சொல்லவே இல்லையேக்கா."

கூர்மூக்கி மெல்ல நழுவிக் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

செங்காலி வரிசையில் இறங்கினாள். முட்டை என்று முழுசாக யாரிடம் சொன்னோம்? யார் பெயரையும் கேட்டு வைக்கவில்லை, எப்படிக் கூப்பிடுவது? எதிரே வந்தவளையெல்லாம் நிறுத்தி, தலையோடு தலை வைத்துக் கேட்டாள்: "உன்னிடமா சொன்னேன்? உனக்கு என்ன புரிந்தது?" ஒருத்திக்கும் நினைவில்லை. கேட்டுக் கேட்டுக் குரல் போயிற்று. சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்ற அந்தப் பயம் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டது. அவர்களும் நிறுத்திக் கேட்டார்கள், அவர்கள் குரலும் போயிற்று.

அன்று முதல்தான் எதிரெதிரே வரும் எறும்புகள் ஒரு கணம் நின்று தலையை முட்டிக்கொள்கின்றன. கேட்கிறவளுக்குக் குரல் இல்லை, சொல்ல வேண்டியவளுக்கு விடை இல்லை. வரிசை மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.