சிங்காரத்தின் இருபத்தேழு மதிப்பெண்

அந்த ஆஸ்பத்திரியின் மறதி நோய்ப் பிரிவில் ஆசிரியைக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து நாலு.

சீடரின் பெயர் தணிகாசலம். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். சாக்பீஸ் தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இனி மனசைப் படிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டில் சிரித்தார்கள். அவரோ பட்டமும் வாங்கி, இந்தப் பிரிவில் நடக்கிற ஆராய்ச்சியிலும் சேர்ந்துவிட்டார்.

மறதி தொடங்கியவர்களுக்கு மருந்தும் பயிற்சியும் கொடுத்து ஒரு வருஷம் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. வருகிறவர்களிடம் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது தணிகாசலத்தின் வேலை. மொத்தம் முப்பது. இருபத்து மூன்றோ அதற்குக் கீழோ வாங்கினால் சேர்த்துக்கொள்வார்கள். மேலே போனால், நல்லபடியாக இருக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று மதிப்பெண் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆசிரியை டாக்டர் ரெஜினா அதிகம் பேசாதவர். தணிகாசலத்தை 'சார்' என்பார். தணிகாசலம் அவரை 'மேடம்' என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலை சிங்காரம் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தபோது தணிகாசலத்திடம் இருபத்தேழு வாங்கியிருந்தார். இப்போதும் இருபத்தேழு. தணிகாசலத்துக்கு ஏக சந்தோஷம். வெளியே காத்திருந்த மனைவி சௌந்தரவல்லியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த அம்மாள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"இன்னொரு தடவ பாருங்க சார். போன வாரம் பால அடுப்புல வச்சிட்டு, வீட்டப் பூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு. நான் ரேஷன் கடையில நிக்கிறேன். டியூட்டிக்கு நேரமாச்சுங்கறாரு. ரிட்டையராகி நாலு வருஷம் ஆச்சு சார்."

"இருபத்தேழும்மா. இந்த மார்க் வாங்கினவருக்கு மறதின்னு எப்படிச் சொல்றது? நீங்க பயந்து போயிருக்கீங்க."

"என் பையனும் அதத்தான் சொல்றான்" என்றார் சௌந்தரவல்லி. சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்குப் போகிற மாதிரி தெரியவில்லை.

தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ரெஜினாவின் அறைக்குப் போனார்.

"அந்தம்மா பொய் சொல்ற மாதிரி தெரியல மேடம். மார்க்கும் பொய் சொல்லாது. அப்ப எது தப்பு?"

ரெஜினா தாளைப் பார்த்தார்.

"கேள்வி கேக்கும்போது நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"எதிர்லதான். எப்பவும் போல."

"அவரக் கூட்டிட்டு வாங்க. மாத்துத் தாள் ஒண்ணு இருக்கு, வேற வார்த்தைங்க. நான் கேக்கறேன். நீங்க அவருக்குப் பின்னால உக்காருங்க."

இதில் என்ன இருக்கிறது என்று தணிகாசலத்துக்குப் புரியவில்லை. கேள்வியை யார் கேட்டால் என்ன? இருந்தாலும் சொன்னபடி பீரோவை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சிங்காரத்தின் பிடரி மட்டும் தெரிந்தது. நன்றாக எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார்கள். அது மனைவியின் கை என்று பார்த்த உடனே தெரிந்தது.

ரெஜினா ஐந்து வார்த்தைகளைச் சொன்னார். முறம், ரயில், பச்சை, வாசல், கத்தரிக்காய். சிங்காரம் கணீரென்று திருப்பிச் சொன்னார். தணிகாசலம் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமைங்கய்யா?"

"திங்கள்..." என்று இழுத்தார் சிங்காரம். "செவ்வாய்... புதன்..."

அன்றைக்குப் புதன்கிழமை. காலையில் தணிகாசலம் கேட்டபோது இதே இடத்தில்தான் நிறுத்தினார். இப்போது நிறுத்தவில்லை.

"வியாழன்... வெள்ளி... சனி... ஞாயிறு..."

ரெஜினா கனிவாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சிங்காரம் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு மறுபடி திங்களில் இருந்து தொடங்கினார். பஸ் ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கை காட்ட ஆள் இல்லை.

இரண்டாம் தடவை சனிக்கிழமை வந்ததும் அவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

"அந்த சார் இந்தப் பக்கம் வந்து உக்காரலாமே மேடம்."

தணிகாசலத்தின் தலை தானாக அசைந்தது. இல்லை, சனி இல்லை என்று அசைந்தது. அசைந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"சார், நீங்க ஜன்னலப் பாருங்க" என்றார் ரெஜினா.

ஜன்னலுக்கு வெளியே யாரோ படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் அதையே பார்த்தார். காது மட்டும் அறைக்குள் இருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் ரெஜினா. தொண்ணூற்று மூன்றுக்குப் பிறகு சத்தம் இல்லை. எண்பத்தாறு என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்துவிட்டது தணிகாசலத்துக்கு. பல்லைக் கடித்துக்கொண்டார். எத்தனையோ கணக்கு வகுப்புகளில், கரும்பலகை முன் திருதிருவென்று நின்ற பிள்ளைகளுக்கு உதட்டசைத்தே விடை எடுத்துக் கொடுத்தவர் அவர். அந்த வாயை மூடி வைப்பது லேசான காரியம் இல்லை.

கடைசியில் ரெஜினா அந்த ஐந்து வார்த்தைகளைக் கேட்டார்.

"ரயில்" என்றார் சிங்காரம். அப்புறம் வெகுநேரம் யோசித்தார். அவ்வளவுதான்.

பதினாறு.

ரெஜினா பேனாவை மூடினார்.

"காலையில சார் கேட்டப்ப நல்லா சொன்னீங்களாமே?"

சிங்காரம் வெட்கத்தோடு சிரித்தார்.

"சாரோட மொகமே சொல்லிரும் மேடம். முப்பத்தோரு வருஷம் பஸ்ல நின்னவன் நான். எந்த சீட்ல டிக்கெட் எடுக்காம உக்காந்திருக்கான்னு மொகத்தப் பாத்தே சொல்லிருவேன். சார் மொகம் சின்னப் புள்ள மொகம். தப்புன்னா வாடிரும். சரின்னா புருவம் தூக்கும். நான் திணறினா உதடே விடையச் சொல்லிரும்." திரும்பி தணிகாசலத்தைப் பார்த்தார். "நீங்க சந்தோஷப்படுறீங்களேன்னுதான் சார்."

தணிகாசலம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு நர்ஸ் வந்து சிங்காரத்தைத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். அறையில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள்.

"ஆறு மாசம் மேடம்" என்றார் தணிகாசலம். "ஆறு மாசம் முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம்."

"ஆமா."

இல்லை என்று சொல்வார் என்று அவர் கொஞ்சம் எதிர்பார்த்தார். ரெஜினா சொல்லவில்லை.

"நான் பாத்த மத்தவங்க தாளெல்லாம்? நாப்பத்தோரு பேரு."

"திரும்ப எடுக்கணும். நானும் கூட உக்காருறேன். முதல்ல வெளிய இருக்கற அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான மார்க் போட்டீங்க."

வராந்தாவில் சௌந்தரவல்லி அதே பெஞ்சில் இருந்தார். தணிகாசலம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கணக்கில் தப்புப் போட்ட பையன்கள் எப்படி முன்னால் வந்து நின்றிருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"நீங்க சொன்னது சரிம்மா. நான்தான் தப்பா அளந்துட்டேன். அவருக்கு மறதி இருக்கு. இன்னிக்கே சேத்துக்கறோம்."

இடிந்துபோய் அழுவார் என்று நினைத்தார். சௌந்தரவல்லி அழத்தான் செய்தார். ஆனால் அது வேறு அழுகை.

"ஆறு மாசமா என்னையப் பைத்தியக்காரின்னு சொல்றாங்க சார். பையன் நீங்க எழுதிக் குடுத்த சீட்ட எடுத்துக் காட்டுறான். பாரு, இருபத்தேழு வாங்கியிருக்காரு அப்பா, உனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சுன்னு. எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார், நான்தான் இல்லாததச் சொல்றேனோன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சீட்ட மாத்தி எழுதித் தருவீங்களா?"

"தர்றேம்மா."

எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்தார். புருஷனுக்கு வந்த நோயை ஒருத்தி இப்படி வாங்கி வைத்துக்கொள்வதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

ரெஜினாவின் அறைக்குத் திரும்பியபோது தணிகாசலத்தின் கண்கள் சிவந்திருந்தன.

"இருபத்தாறு வருஷம் ஒரு பையனையும் முழிக்க விட்டதில்ல மேடம். தடுமாறினா எடுத்துக் குடுத்திருவேன். அது இரக்கம்னுதான் நெனச்சேன். தப்பா?"

ரெஜினா அடுத்தவருக்கான தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே மொகத்தக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டுக் கேக்கணும். அவ்வளவுதான?"

"கல்லு எதுக்கு சார்?" என்றார் ரெஜினா. "மறந்துபோன மனுஷன் தேடிக்கிட்டு இருக்கும்போது, நீங்க பேசாம கூட இருந்தா போதும். அந்தம்மா தினம் அப்படித்தான் இருக்காங்க."